ஈரம் காயாத தொட்டி

மே மாதம் பிறந்ததும் தெருவில் பாதி வீடுகளில் பூட்டுத் தொங்கியது. தமிழ்மதியின் தோழி பாஸிலா, தன் அம்மாவுடன் ஊட்டியில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போய்விட்டாள். கடைசி வீட்டுக்காரர்கள் குற்றாலம். பால்காரர்கூடத் திருச்செந்தூர்.

மதி வீட்டில் மட்டும் யாரும் எங்கும் போகவில்லை.

"நம்ம எப்பம்மா ஊருக்குப் போறோம்?" என்று மதி கேட்டாள்.

"ஒங்கப்பாதான் நம்ம எல்லாருக்கும் சேத்து தினம் ஊர் சுத்துறாரே" என்றார் அம்மா.

மதியின் அப்பா பஸ் கண்டக்டர். திண்டுக்கல்லில் இருந்து சித்தையன்கோட்டைக்குப் போவார். சித்தையன்கோட்டையில் இருந்து திண்டுக்கல்லுக்கு வருவார். மறுபடியும் போவார். கல்யாண மாதம் என்பதால் பஸ்ஸில் நிற்க இடம் இருக்காது. அப்பாவுக்கு லீவும் கிடைக்காது.

அந்த வாரம்தான் பக்கத்து வீட்டு லூர்து அத்தையும் ஆனந்த்ராஜ் மாமாவும் ஊருக்குக் கிளம்பினார்கள். முதலில் வேளாங்கண்ணி. அங்கிருந்து தூத்துக்குடியில் மகள் வீடு. மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது.

கிளம்புவதற்கு முன்னால் லூர்து அத்தை மதியைத் தன் வீட்டு வாசலுக்கு அழைத்துப் போனார். கேட்டுக்கு உள்ளே, கம்பிகளை ஒட்டி ஒரு சிமென்ட் தொட்டி இருந்தது. அதில் குண்டுமல்லிச் செடி பச்சைப் பசேல் என்று நின்றது.

"மதி, பிள்ள நல்லபடியாப் பொறந்தா, இந்த மே மாசம், மாதாவோட மாசம் முடியுற அன்னைக்கு என் வீட்டுச் செடியில பூத்த பூவையே மாதாவுக்குப் போடுறேன்னு நேந்துருக்கேன். கடையில வாங்குற பூ இல்ல. என் செடிப் பூ. நான் வாரதுக்குள்ள இது காஞ்சிறக் கூடாது."

"நான் பாத்துக்கிறேன் அத்தை."

அத்தை கேட்டின் சாவியை மதியின் கையில் வைத்தார். மதி அதை ஒரு ரிப்பனில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். ஊட்டிக்குப் போகாவிட்டால் என்ன? பாஸிலாவின் கழுத்தில் இப்படி ஒரு சாவி தொங்குமா?

அந்தத் தெருவில் ஊருக்குப் போகிறவர்கள் எல்லா வீட்டு வாசலிலும் நின்று, "போயிட்டு வாரோம்" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். சொல்லாமல் போனால் மரியாதை இல்லை. லூர்து அத்தையும் ஒவ்வொரு வாசலாக நின்று ஏதோ பேசினார். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

"ஏ லூர்து, ரயிலு நமக்காக நிக்காது!" என்று ஆட்டோவுக்குள் இருந்து கத்தினார் ஆனந்த்ராஜ் மாமா.

மறுநாள் மாலை மதி ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போனாள். பூட்டைத் திறந்தாள். தொட்டியைப் பார்த்தாள். மண் ஈரமாக இருந்தது.

'அத்தை போறதுக்கு முன்னாடி ஊத்துனது போல' என்று நினைத்துக்கொண்டு தானும் ஊற்றினாள்.

அடுத்த நாளும் மண் ஈரமாக இருந்தது. அதற்கடுத்த நாள் தொட்டியின் விளிம்பு வரை தண்ணீர் தேங்கி நின்றது.

மதிக்கு ஒன்றும் புரியவில்லை. மழை பெய்யவில்லை. வெயிலில் செருப்பில்லாமல் தெருவில் கால் வைக்க முடியவில்லை. கேட்டு பூட்டியே இருந்தது. சாவி அவள் கழுத்தில் இருந்தது. பூட்டும் சாதாரணப் பூட்டு இல்லை. எதிர்வீட்டுப் பக்ருதீன் மாமா தன் பூட்டுக் கடையில் இருந்து எடுத்துக் கொடுத்த திண்டுக்கல் பூட்டு. "இதை நானே நெனச்சாலும் சாவி இல்லாம தொறக்க முடியாது" என்று அவர் பெருமையாகச் சொல்வார்.

"அப்ப யாருடா தண்ணி ஊத்துறா?" என்று தம்பி அஜித்தைக் கேட்டாள் மதி. அவன் இரண்டாம் வகுப்பு.

அஜித் கண்ணை உருட்டினான். "பேயி."

"பேய் எதுக்குடா செடிக்குத் தண்ணி ஊத்தப்போகுது?"

"அது நல்ல பேயி."

மதி செடியைக் குனிந்து பார்த்தாள். ஓர் இலையில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. தொட்டுப் பார்த்தாள். அரிசிக் குருணை.

நல்ல பேய் சோறும் சாப்பிடுமா? குழப்பம் இன்னும் கூடியது.

சில நாட்களில் அதைவிடப் பெரிய கவலை வந்தது. செடியின் இலைகள் மஞ்சளாக மாறத் தொடங்கின. மிளகு போல இருந்த குட்டி மொட்டுகள் உதிர்ந்து தொட்டியில் மிதந்தன.

வெயில் தாங்காமல் வாடுகிறது என்று நினைத்த மதி, காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி என்று ஊற்றினாள். இலைகள் இன்னும் மஞ்சளாயின.

"அக்கா, பேசாம மார்க்கெட்டுல பூ வாங்கி, நூல வெச்சுச் செடியில கட்டி விட்ருவோம்" என்றான் அஜித். "அத்தைக்குத் தெரியவா போகுது?"

மதி ஒரு நிமிடம் யோசித்தாள். ஒரே ஒரு நிமிடம்தான்.

"அத்தைக்குத் தெரியாது. மாதாவுக்குத் தெரியும்ல?"

"ஆமால்ல" என்று அஜித் தலையைச் சொறிந்தான்.

அன்று மாலை மதி வாளியைக் கீழே வைத்துவிட்டு, மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். சேறு. முகர்ந்தாள். சாக்கடை வாடை.

அப்போது அவளுக்குப் போன மாதம் நடந்தது நினைவுக்கு வந்தது. பாஸிலாவின் அக்கா கல்யாணத்தில் அஜித் பந்தியில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டான். கை கழுவ வந்தவனைப் பார்த்து, "பிள்ள இன்னும் சாப்பிடல போல" என்று ஒருவர் மறுபடியும் உட்கார வைத்தார். பிறகு இன்னொருவர். அவனும் யாரிடமும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்று இரவெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டான்.

'இந்தச் செடிக்குத் தாகம் இல்ல. வயித்து வலி!' என்றது மதியின் மனம்.

அவள் வாளித் தண்ணீரைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஆனால் அவள் ஊற்றாவிட்டாலும் மறுநாள் தொட்டி நிரம்பியிருந்தது.

கோடையில் மதி வீட்டார் மொட்டைமாடியில்தான் படுப்பார்கள். நட்சத்திரம் பார்த்துக்கொண்டே தூங்குவதும், மலைக்கோட்டைக்குப் பின்னால் வானம் வெளுப்பதைப் பார்த்துக்கொண்டே எழுவதும் மதிக்கு மிகவும் பிடிக்கும். அன்று அவள் சீக்கிரமே எழுந்து, கைப்பிடிச் சுவர் ஓரம் உட்கார்ந்து லூர்து அத்தை வீட்டு வாசலையே பார்த்தாள்.

முதலில் பக்ருதீன் மாமா வந்தார். பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வருகிறார். கையில் ஒரு பெரிய பாட்டில். கேட்டுக் கம்பிகளின் இடையே கையை விட்டு, தொட்டியில் தண்ணீரை ஊற்றினார்.

"லூர்து தங்கச்சி வாரதுக்குள்ள பூத்துரணும். சரியா?" என்று செடியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் வீட்டுக் கதவைச் சாத்தியதும், பக்கச் சுவருக்கு மேலே ஒரு கை தெரிந்தது. வளையல் போட்ட கை. அடுத்த வீட்டு ஜக்கம்மாள் பெரியம்மா! குண்டான் நிறைய அரிசி கழுவிய தண்ணீர்.

"குடி தாயி, நல்லாக் குடி. சத்துள்ள தண்ணி" என்று கவிழ்த்தார் பெரியம்மா.

குருணை எங்கிருந்து வந்தது என்று மதிக்கு இப்போது தெரிந்துவிட்டது. சிரிப்பு வந்தது. அஜித்தை எழுப்பிச் சொல்லலாம் என்று திரும்பினாள். பாய் காலியாக இருந்தது.

கீழே பார்த்தாள். அஜித் தன் பள்ளிக்கூடத் தண்ணீர் பாட்டிலைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு, இந்தப் பக்கம் பார்த்து, அந்தப் பக்கம் பார்த்து, மெல்லக் கேட்டருகே போனான். பாட்டிலைக் கம்பிக்குள் நுழைத்தான்.

"அடப்பாவி! நல்ல பேயே!" என்று முணுமுணுத்தாள் மதி.

இத்தோடு முடிந்தது என்று எழப் போனாள். அப்போது அம்மா வெளியே வந்தார். வாசல் தெளித்தார். கோலம் போட்டார். வாளியில் மிச்சம் இருந்த தண்ணீரை அப்படியே தூக்கிக்கொண்டு லூர்து அத்தை வீட்டுக் கேட்டுக்கு நடந்தார்.

மதி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

யாரைக் கோபித்துக்கொள்வது? யாருமே தப்புச் செய்யவில்லை. எல்லாரும் நல்லதுதான் செய்தார்கள். ஆனால் செடி செத்துக்கொண்டிருந்தது. இதற்கு என்ன செய்வது என்று அவளுக்குப் புரியவே இல்லை.

அவள் கீழே இறங்கி ஓடினாள்.

"அம்மா, அந்தச் செடிக்கு ஏம்மா ஊத்துன?"

"லூர்தக்கா போறப்ப 'தங்கச்சி, செடியக் கொஞ்சம் பாத்துக்க'ன்னு சொல்லிட்டுப் போனாங்க. நீ சின்னப் பிள்ள, வெளையாட்டுல மறந்துருவேன்னுதான்..."

"அத்தை என்கிட்டத்தான் சொன்னாங்க!" என்று நடுவில் புகுந்தான் அஜித். "ஆட்டோவுல ஏறுறப்ப, 'ஏலே அப்பு, செடியப் பாத்துக்க, மிட்டாய் வாங்கியாரேன்'னு சொன்னாங்க."

மதிக்கு இப்போது விஷயம் விளங்கியது. லூர்து அத்தை ஒவ்வொரு வாசலிலும் நின்று பேசியது இதைத்தான். ஊருக்குப் போகிறவர்கள் எல்லாரும் வழக்கமாகச் சொல்லும் வார்த்தை. ஆனால் கேட்ட எல்லாரும் அதைத் தனக்கு மட்டும் சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள்.

மதி ஓர் உடைந்த குடைக்கம்பியை எடுத்துக்கொண்டு போனாள். தொட்டியின் அடியில் இருந்த ஓட்டையில் மண் அடைத்திருந்தது. குத்திக் குத்திக் கிளறினாள். திடீரென்று கறுப்புத் தண்ணீர் பொளக் என்று பீய்ச்சி அஜித்தின் காலில் அடித்தது.

"பேயி வாந்தி எடுக்குது!" என்று அவன் துள்ளினான்.

அடுத்து ஜக்கம்மாள் பெரியம்மாவிடம் சொல்ல வேண்டும். அதுதான் கஷ்டமாக இருந்தது. பெரியம்மாவுக்குச் சட்டென்று கோபம் வரும்.

"பெரியம்மா, மல்லிகைச் செடிக்கு இனிமே தண்ணி..."

"ஏன்டி, என் தண்ணிக்கு என்ன கொறச்சல்? அம்புட்டும் சத்து!" பெரியம்மா இடுப்பில் கைவைத்தார்.

"சத்து அதிகமாப் போச்சு பெரியம்மா. நீங்க ஒரு பக்கம் ஊட்டி விடுறீங்க. பக்ருதீன் மாமா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், அஜித்து ஒரு பக்கம். அதுக்கு வயிறு வெடிச்சுரும் போல இருக்கு. கொஞ்ச நாளைக்குப் பட்டினி போடுவோமா?"

பெரியம்மா ஒரு கணம் முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "ஐயோ பாவம்! அம்புட்டுப் பேரும் சேந்து அதைக் கொல்லப் பாத்தோமா? சரி, பட்டினி போட்டு, பெறகு சாயங்காலம் மட்டும் நான் ஊத்துறேன்."

பக்ருதீன் மாமாவோ மிகவும் வருத்தப்பட்டார். "அடடா, தெரியாமப் போச்சே தாயி. இனிமே நீ சொல்றப்ப, காலையில மட்டும் ரவ்வோண்டு ஊத்துறேன்" என்றார்.

மண் காய்ந்தது. மஞ்சள் இலைகளை மதி கிள்ளிப் போட்டாள். செடியின் கணுவில் புதுத் துளிர் எட்டிப் பார்த்தது. "இனிமே ஊத்தலாம்" என்று இருவரிடமும் சொல்லிவிட்டு, மதி அம்மாவுடனும் அஜித்துடனும் கீரனூரில் சித்தி மகளின் காதுகுத்துக்குப் போனாள்.

மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்ததும் பையைக்கூட இறக்கி வைக்காமல் கேட்டுக்கு ஓடினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. துளிர்கள் தலை தொங்கிக் கிடந்தன.

"பெரியம்மா! தண்ணி ஊத்தலியா?"

"பக்ருதீன் அண்ணன்தான் காலையில ஊத்துறேன்னாராமே. நானும் ஊத்தி மறுபடியும் வயித்து வலி வந்துட்டா?"

"மாமா! நீங்க?"

"ஜக்கம்மா சாயங்காலம் ஊத்தும்னு நெனச்சேன் தாயி. நான் வேற எதுக்கு இடைஞ்சலுக்குன்னு..."

மதிக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாரும் ஊற்றினாலும் வாடுகிறது. எல்லாரும் விட்டுக் கொடுத்தாலும் வாடுகிறது. இது என்ன கணக்கு?

முதலில் அவள் மெல்ல மெல்லத் தண்ணீர் ஊற்றினாள். செடியின் மேல் ஒரு பழைய துண்டைக் கட்டி நிழல் செய்தாள். பிறகு படியில் உட்கார்ந்து யோசித்தாள். அவர்கள் வீட்டுக் குளியலறையில் ஒரு விதி உண்டு. யாராவது உள்ளே இருந்தால் கதவின் மேல் துண்டு தொங்கும். துண்டு தொங்கினால் யாரும் கதவைத் தட்ட வேண்டியதே இல்லை.

மதி எழுந்து போய்த் தண்ணீர் மொள்ளும் சிவப்புக் கப்பை எடுத்துவந்தாள். லூர்து அத்தை வீட்டுக் கேட்டின் கம்பியில் அதைத் தொங்கவிட்டாள். எல்லாரையும் கூப்பிட்டாள்.

"கப்பு தொங்குனா செடிக்குத் தாகம்னு அர்த்தம். யார் வேணாலும் இந்தக் கப்பால ஒரு தடவ ஊத்தலாம். ஊத்துனவங்க கப்பைச் சுவத்து மேல கவுத்து வெச்சிருங்க. கவுந்து கிடந்தா, குடிச்சாச்சுன்னு அர்த்தம். மறுநாள் நான் மண்ணைத் தொட்டுப் பாத்துட்டு மறுபடி தொங்க விடுவேன்."

"அது சரி, நான் குண்டானோட வந்து நிக்கிறப்ப கப்பு கவுந்து கிடந்தா? தண்ணியத் திரும்பத் தூக்கிட்டுப் போகவா?" என்று கேட்டார் பெரியம்மா.

மதி சுற்றிலும் பார்த்தாள். தெரு முனையில், கம்பிக் கூண்டுக்குள் ஒரு புங்கங்கன்று நின்றது. மழைக்காலத்தில் நட்டார்கள். அப்புறம் அதன் பக்கம் யாரும் போகவில்லை. அதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

"அதுக்கு ஊத்துவோம் பெரியம்மா" என்றாள் மதி.

மறுநாள் கப்பு விடியற்காலையிலேயே கவிழ்ந்திருந்தது. ஜக்கம்மாள் பெரியம்மா குண்டானுடன் வந்து பார்த்தார். "இந்த பக்ருதீன் அண்ணன் முந்திக்கிட்டாரே!" என்று சொல்லிக்கொண்டே புங்கங்கன்றுக்கு நடந்தார். அதற்கடுத்த நாள் பெரியம்மா முந்திக்கொண்டார். ஒருநாள் அஜித் முந்திக்கொள்வதற்காகக் கேட்டுக்குப் பக்கத்திலேயே பாய் விரிக்கப் பார்த்தான். அம்மா காதைப் பிடித்து மாடிக்கு இழுத்துப் போனார்.

மே முப்பதாம் தேதி, மாதாவின் மாதம் முடிவதற்கு முந்தின நாள், லூர்து அத்தையும் மாமாவும் வந்து சேர்ந்தார்கள்.

அத்தை ஆட்டோவில் இருந்து இறங்கியதும் நேரே தொட்டியிடம்தான் போனார். மதி மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். செடியில் மொட்டுகள் இருந்தன. ஆனால் கொஞ்சம்தான்.

"மாலைக்குப் பத்தாது அத்தை" என்றாள் மதி, தலையைக் குனிந்துகொண்டே. பிறகு நடந்தது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

லூர்து அத்தை வாயில் கைவைத்தார். "ஐயோ, அது போற போக்குல எல்லாருகிட்டயும் சொல்றதுடி! ஒருத்தராவது செத்த நேரம் எட்டிப் பாக்கட்டும்னு சொன்னேன். அதுக்கா இம்புட்டுத் தண்ணி?"

சொல்லிவிட்டுச் செடியை மெல்லத் தடவிக் கொடுத்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் மாலை மொட்டுகளைப் பறித்துக் கட்டினார்கள். ஒரு முழம்கூட வரவில்லை. மாதாவின் கழுத்துக்கு எட்டாது. அத்தை அந்தச் சின்னச் சரத்தைக் கோயிலுக்கு எடுத்துப் போய், மாதாவின் கையில் சுற்றிக் கட்டினார். கட்டி முடித்ததும் மொட்டுகள் அவிழத் தொடங்கின. பக்கத்தில் நின்ற மதியின் மூக்கு வரைக்கும் மணம் வந்தது.

வீடு திரும்பியபோது பக்ருதீன் மாமா வாசலிலேயே நின்றார். "பூப் போட்டாச்சா?"

"மாதா கையில கட்டியாச்சு மாமா!"

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு அவர் நிம்மதியாகக் கடைக்குக் கிளம்பினார்.

லூர்து அத்தை வேளாங்கண்ணியில் வாங்கிவந்த மிட்டாயை எல்லா வீட்டுக்கும் கொடுத்தார். அஜித் மட்டும் இரண்டு கையையும் நீட்டினான். "நான் அஜித்தாவும் ஊத்துனேன், பேயாவும் ஊத்துனேன்."

பள்ளி திறப்பதற்கு முந்தின சனிக்கிழமை, அப்பா ஒரு செய்தி சொன்னார். "நாளைக்கு எல்லாரும் என் பஸ்ஸுலயே வாங்க. சித்தையன்கோட்டையில எறங்கி, ஆத்தூர் அணைக்குப் போயிட்டு, சாயங்காலம் என் பஸ்ஸுலயே திரும்பிருவோம்."

"சன்னல் சீட்டு எனக்கு!" என்று கத்தினாள் மதி.

"ஆனா டிக்கெட் எடுக்கணும்" என்றார் அப்பா கறாராக.

காலையில் புளியோதரை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ஒரு நாள் பயணம்தான். ஆனாலும் மதி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "போயிட்டு வாரோம்" என்று சொன்னாள். ஜக்கம்மாள் பெரியம்மாவிடம் சொன்னாள். பக்ருதீன் மாமாவிடம் சொன்னாள். லூர்து அத்தையிடம் சொன்னாள். அடுத்து வாயில் வரப்போன வார்த்தையை மட்டும் சட்டென்று விழுங்கிவிட்டாள்.

ஏனென்றால் அவள் வீட்டு வாசலிலும் இப்போது ஒரு சின்னத் தொட்டி இருந்தது. லூர்து அத்தை ஒடித்துக் கொடுத்த மல்லிகைக் குச்சி அதில் துளிர் விட்டிருந்தது. மதி சிவப்புக் கப்பைத் தன் வீட்டுக் கேட்டில் தொங்கவிட்டுவிட்டு நடந்தாள்.

தெரு முனையில், பசேல் என்று நின்ற புங்கங்கன்றின் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள்.

அதற்குள் கப்பு சுவரின் மேல் கவிழ்ந்திருந்தது.